மீனெண்ணெய் குடித்துவிட்டு அம்மனைக் காவியது

ஒல்லியாய் இருப்பதில் ஆபத்து எதுவும் இல்லை. ஒல்லியாய் இருந்துகொண்டு ஆங்கிலமும் வாசிக்கத் தெரிந்திருப்பதில்தான் ஆபத்து. ஆங்கிலம் தெரியாத ஒல்லி இன்னும் ஓர் அகப்பை சோற்றைப் போட்டுச் சாப்பிட்டுவிட்டுப் பேசாமல் இருப்பான். தெரிந்தவன் புத்தகம் வாங்குவான்.

நான் வாங்கினேன். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது கழித்துவிட்டுப் போன சாமான்கள் கடைத்தெருவில் நெடுங்காலம் விலைப்பட்டுக்கொண்டிருந்தன. பழஞ் சப்பாத்துகளுக்கு அடியில் கிடந்தது அந்தப் புத்தகம். அட்டையில் ஒருவன் மேற்சட்டை இல்லாமல் நின்று, தன் கையைத் தானே வியந்து பார்த்துக்கொண்டிருந்தான். (சல்லி என்ற ஊருக்கு அங்கால் எங்கள் கரையில் எல்லா ஆண்களும் மேற்சட்டை இல்லாமல்தான் நின்றார்கள். ஒருவரும் தங்கள் கையைப் பார்த்து வியந்ததில்லை. வலை இழுக்க நேரமாகிவிடும்.)

காரணம் இருந்தது. திருவிழாவின் கடைசி நாள் காலையில் அம்மன் தீர்த்தமாடக் கடலுக்குப் போகும்போது, அவளைச் சுமக்கிற காவுதடியின் முன்னிடம் எங்கள் வீட்டுத் தோளுக்கு உரியது. அந்த வருடம் அப்பாவுக்கு இடுப்புப் பிடித்துவிட்டது. நான் ஒரே ஆண்பிள்ளை. குடும்பத்தில் முதன்முதலாகப் பரீட்சை பாஸ் பண்ணி, துறைமுகத்துக் கந்தோர் ஒன்றில் கிளாக்காகச் சேர்ந்தவன். அம்மாவின் தமையன்தான் காவுகாரருக்குத் தலைவர். அவர் வந்து என் தோளை விரலால் அமத்திப் பார்த்தார்.

"மருமோன், இது பேனை பிடிக்கிற தோள். தடி ஏறினா முறிஞ்சு போகும். இந்த முறை சின்னராசாவை முன்னுக்கு விடுவம்."

சின்னராசா மாமாவின் மகன். ஒருமுறை விட்ட இடம் திரும்ப வராது என்பது ஊருக்கே தெரியும். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

"நான் தூக்குவன் மாமா," என்றேன்.

அதன் பிறகு புத்தகம் சொன்னதெல்லாம் செய்தேன். விடியற்காலையில் பச்சை முட்டை. பத்து மணிக்குக் கந்தோர் மேசைக்குள்ளிருந்து ஊறவைத்த கடலையும் வெல்லமும். தினமும் கண்ணாடிக்கு முன் நின்று, "நான் பலசாலி" என்று உரக்கச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கண்ணாடி அப்பா சவரம் செய்கிற உள்ளங்கை அளவுக் கண்ணாடி. பலசாலியைத் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெறும் வயிற்றில் ஒரு கரண்டி மீனெண்ணெய். ஒருநாள் தவறினாலும் பட்ட பாடெல்லாம் வீண் என்று புத்தகம் மிரட்டியது.

கொடியேறியது. அம்மா மீன் சமைக்கிற மச்சச் சட்டிகளை வெளியே கொண்டுபோய் வைத்து, குசினியை மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கழுவினாள். கொடி இறங்கும்வரை மீன், முட்டை ஒன்றும் வீட்டுப் படி ஏறாது. முட்டையைச் சந்தோசமாகவே விட்டேன். எண்ணெயை என்ன செய்வது? பட்டினத்தில் மருந்து கலக்கிக் கொடுப்பவரிடம் போய்க் கேட்டேன்.

"ஐயா, இது மீனோ மருந்தோ?"

"சட்டியில இருந்தா மீன். போத்தல்ல இருந்தா மருந்து. அங்கால தள்ளி நில்லும், ஆக்கள் வருகினம்."

இவ்வளவு தெளிவான விஞ்ஞானத்தை நான் அதுவரை கேட்டதில்லை.

"என்ன தம்பி குடிக்கிறாய்?" என்று அம்மா கேட்டாள்.

"ரொனிக் அம்மா."

"ஒரு மாதிரி மணக்குதே."

"இங்கிலீஷ் மருந்து அப்பிடித்தான் மணக்கும்."

போத்தலில் ஒட்டியிருந்ததை வாசிக்க அந்த வீட்டில் என்னை விட்டால் ஆளில்லை.

தீர்த்தத்தன்று பலத்துக்காக இரண்டு கரண்டி குடித்தேன். ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: தோள் தாங்கியது. காலடியில் மணல் இழுக்க, தடி அழுத்த, நான் நடந்தேன். கரையில் கிடந்த தோணி விளிம்பில் இருந்தபடி அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் முதல் ஏவறை வந்தது. (ஏப்பம் என்று மரியாதையாகவும் சொல்லலாம், மணம் ஒன்றுதான்.) வாயை மூடிக்கொண்டேன். அடுத்தது மூக்கால் வந்தது.

எனக்குப் பின்னால் தடி பிடித்திருந்த சின்னராசா முகர்ந்தான். "ஆரோ மச்சம் திண்டிட்டு வந்திருக்கினம்."

விரதத்தால் மீனுக்கு ஏங்கிப்போயிருந்த மூக்குகள் எல்லாம் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"சூடை. பொரிச்ச சூடை."

"சூடையோ? விசர்க்கதை. இது சுறா."

"சுறாதான். ஈரலோட போட்டுப் புளி விட்டுக் காய்ச்சினது."

"அதுக்குக் கொஞ்சம் முருங்கையிலையும் போட்டா..." என்று ஒருவர் கண்ணை மூடினார்.

மாமா கையை உயர்த்தினார். ஊர்வலம் நின்றது. அம்மன் எங்கள் தோளிலேயே நின்றாள்.

"திண்டவன் தானாத் தடியை விடட்டும்."

எல்லோரும் சின்னராசாவைப் பார்த்தார்கள்.

"என்னை ஏன் பாக்கிறியள்? நான் கருவாட்டைக் கனவிலயும் காணேல்ல. மச்சான், நீ படிச்சவன், நீ சொல்லு."

படித்தவன் சொல்லாமல் விடுவானா? பேசுமுன் நெஞ்சு நிறைய மூச்செடு என்பது புத்தகத்தின் இன்னொரு போதனை. எடுத்தேன். "விரதம் எண்டது..." என்று மாமாவின் முகத்துக்கு நேரே வாயைத் திறந்தேன். சொல்லுக்குப் பதிலாக, அதுவரை அடக்கிவைத்த எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஏவறையாக வந்தது. நீளமாக.

மாமா இரண்டு தரம் கண்ணைச் சிமிட்டினார்.

"காலமை என்ன சாப்பிட்டனி?"

"சாப்பிடேல்ல மாமா. குடிச்சனான்."

"என்னத்தை?"

"எண்ணெய்." தேங்காயெண்ணெய் என்று சொல்லியிருக்கலாம். படித்தவனுக்கு விளக்கம் சொல்லாமல் இருக்க ஏலாது. "மீனெண்ணெய். ஆனா மாமா, போத்தல்ல இருந்தா அது மருந்து..."

பெண்கள் பக்கத்தில் அம்மா தலையில் கை வைத்தாள். "சட்டி எல்லாத்தையும் வெளியில வைச்சனான். இந்தப் போத்தலை விட்டிட்டனே."

அடுத்து மாமா என்ன சொல்லப்போகிறார் என்பது எல்லோருக்கும் தெரியும். சின்னராசா முன்னே வர வேண்டியதுதான். அதற்குள் அப்பா தோணியிலிருந்து எழும்பி, இடுப்பைப் பிடித்தபடி மணலில் சாய்ந்து சாய்ந்து வந்தார்.

"தோளை எடு," என்றார் என்னைப் பார்க்காமல்.

எடுத்தேன். அவர் தன் தோளைக் கொடுத்தார். முன்னிடத்துக்கு வந்திருக்க வேண்டிய சின்னராசா பின்னாலிருந்து பாரத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். இடம் எங்களிடமே நின்றது.

இனி என்னை என்ன செய்வது? மாமா கடற்காரர். சோளகக் காற்றை ஒருமுறை பார்த்தார்.

"நீ காத்துக்குக் கீழ போ."

சோளகம் தரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று. கரையோரம் போகிற ஊர்வலத்தில் காற்றுக்குக் கீழே, மணம் அடிபட்டுப் போகிற பக்கம், என்றால் கடல்தான். அம்மன் கரையில் போக, நான் இடுப்பளவு தண்ணீரில், வேட்டி குடைபோல் விரிந்து மிதக்க, பக்கத்திலேயே நடந்துகொண்டிருந்தேன். வெளியூர்ச் சனம் சிலர் இதைப் பெரிய நேர்த்திக்கடன் என்று நினைத்து என்னையும் கும்பிட்டார்கள். நானும் திருப்பிக் கும்பிட்டு வைத்தேன்.

அடுத்த வருடம் என் இடத்தைக் கேட்டுப் போனேன். "முதல் ஊது," என்றார் மாமா. ஊதினேன். நான் ஊதினால் எல்லோரும் ஊத வேண்டும் என்று நியாயம் கதைத்தேன். எல்லோரும் ஊதினார்கள். அதிலிருந்து, காவுகாரர் தலைவரின் மூக்குக்கு நேரே ஊதாமல் ஒருவரும் தடியைத் தொடுவதில்லை.

மாமா இப்போது இல்லை. அவர் இடத்தில் சின்னராசா நிற்கிறான். போன முறை வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இளந்தாரி ஒருவன் எனக்கு விளங்கப்படுத்தினான்: "பெரியப்பா, எங்கட மூச்சை அம்மனுக்கு ஒப்புக்குடுக்கிறது இது. ஆதிகாலத்துச் சடங்கு."

"ஓம் தம்பி," என்றேன்.

என் முறை வந்தது. பக்தியோடு ஊதினேன். மற்றவர்களை ஒருமுறை முகர்ந்து பார்த்துத் தடிக்கு விட்ட சின்னராசா, என்னை மட்டும் இன்னொரு தரம் ஊதச் சொன்னான்.