நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம்

“என்னங்க, உங்க வக்கீல் புத்தகம் இவ்ளோ உபயோகமா இருக்கும்னு நான் நினைக்கவே இல்ல!”

முழங்கை வரை சோப்பு நுரையோடு வந்து நின்று மனைவி இப்படிச் சொன்னதும், பாதிச் சவரத்தில் இருந்த மேலாளருக்குப் பெருமை தாங்கவில்லை. பதினோரு வருஷமாக மதிப்புறு வழக்கறிஞர் கழகத்தின் அலுவலகத்தைக் கட்டி மேய்ப்பவர் அவர். கழகம் இருப்பதே சட்ட ஆய்வுகளை ஆதரிக்கத்தான். வருஷத்துக்கு ஓர் ஆய்வைப் புத்தகமாகப் போடுவார்கள். அதில் எதையும் உபயோகம் என்று இதுவரை ஒரு ஜீவன் சொன்னதில்லை.

“எந்த இடம் பிடிச்சுது?” என்றார் குழைந்து.

“மெஷின்ல தண்ணி இறங்காம நின்னா, கீழ இருக்கற வடிகட்டியைக் கழட்டிக் கழுவணும்னு போட்டிருக்கே, அந்த இடம். கழுவினேன். இப்போ ஜோரா ஓடுது.”

மேலாளர் ஒரு கன்னத்தில் நுரையோடு ஓடினார். சலவை இயந்திரத்தின் தலையில் ‘ஒப்புதலும் உடன்பாடும்: ஓர் ஆய்வு’ ஈரத்தோடு கிடந்தது. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தின் கடைசி வரி, “ஆகவே, உடன்பட்டவர் தாம் எதற்கு உடன்பட்டோம் என்பதை” என்று தொங்கியது. நூற்றுப் பதின்மூன்றாம் பக்கம், “சலவை இயந்திரத்தைச் சமதளத்தில் நிறுத்தவும்” என்று ஆரம்பித்தது. நூற்று இருபத்தெட்டு வரை இயந்திரம்தான். படம் வேறு. அதற்குப் பிறகு எதுவுமே நடக்காதது போலச் சட்டம் மறுபடி தொடங்கியது.

“இத எதுக்குடி எடுத்துப் படிச்சே?”

“மெஷின் நின்னு போச்சு. சும்மா உக்காந்திருந்தேன். கைக்கு இதுதான் எட்டிச்சு. ஏன், படிக்கக் கூடாதா?”

படிக்கக் கூடாதுதான். கழகத்தில் யாரும் படிப்பதில்லை. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா?

இந்தக் கழகத்தில் யாரும் விண்ணப்பம் போட்டுச் சேர முடியாது. இருக்கிற உறுப்பினர்கள் ரகசியமாகக் கூடி, இவர் தகுதியானவர் என்று முடிவு செய்து கடிதம் அனுப்புவார்கள். கடிதம் கிடைத்தவர் அதைக் கண்ணாடி போட்டு, கட்சிக்காரர்கள் உட்காரும் நாற்காலிக்கு நேர் எதிரே மாட்டுவார். அப்படி இருநூறு பேர். ஆய்வை ஆதரிப்பது அவர்கள் கடமை என்று விதிப் புத்தகம் சொல்கிறது. படிப்பது பற்றி விதிப் புத்தகம் பெருந்தன்மையோடு மௌனம் காக்கிறது.

மூன்று வாரத்துக்கு முன்பே புத்தகம் இருநூறு பேர் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. இன்னும் பத்து நாளில் ஆண்டுக் கூட்டம். மேலாளரின் வேலையை நீட்டிக்கும் தாளில் தலைவர் கையெழுத்துப் போடப்போவதும் அன்றைக்குத்தான். போன வருஷம் உயிரோடு இருக்கும் ஓர் உறுப்பினரின் மறைவுக்கு மேலாளர் இரங்கல் கடிதம் அனுப்பிவிட்டார். மறைந்தவரே நன்றி தெரிவித்துப் பதில் போட்டிருந்தார். அன்றைக்கே தலைவர் சொல்லிவிட்டார்: “இன்னொரு தப்பு நடந்துதுன்னா, அந்த நாற்காலியில வேற ஆள்.” மகளின் படிப்பு முடிய இன்னும் இரண்டு வருஷம் இருக்கிறது. ஐம்பத்து நான்கு வயதில் வேறு எந்த நாற்காலி இவருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது?

அச்சகக்காரருக்கு போன் போட்டார்.

“யோவ், என்னய்யா பண்ணி வெச்சிருக்கே? நடுவுல வாஷிங் மெஷின் ஓடுது!”

“எங்ககிட்ட வந்தத வந்தபடிதான் சார் அடிச்சோம்.”

“வந்தபடின்னா? சட்டப் புத்தகத்துல துணி துவைக்கறது வருமாய்யா?”

“எங்களுக்கு என்ன சார் தெரியும்? சரிபார்த்தாச்சுன்னு நீங்கதானே கையெழுத்து போட்டீங்க. தாள எடுத்துக் காட்டவா?”

மேலாளர் போனை வைத்தார். கையெழுத்துப் போட்டது நன்றாக ஞாபகம் இருந்தது. சரிபார்த்ததுதான் ஞாபகத்துக்கு வரவில்லை.

சத்தமில்லாமல் புத்தகங்களைத் திரும்ப வாங்கிவிட வேண்டியதுதான் என்று முடிவு செய்தார். ‘அட்டையில் உள்ள பொன்னெழுத்து மங்க வாய்ப்பிருப்பதால், மறுபூச்சுக்காகப் பிரதியைத் திருப்பி அனுப்புமாறு வேண்டுகிறோம்’ என்று இருநூறு பேருக்கும் கடிதம் போனது.

ஒரு புத்தகம்கூட வரவில்லை. போன்தான் வந்தது.

“என்னய்யா நீ? பாதி படிச்சிட்டிருக்கேன், புடுங்கறியே!” என்றார் ஒரு குற்றவியல் வழக்கறிஞர்.

“என்னால பிரிஞ்சிருக்க முடியாதுப்பா. தலைமாட்டுலயே வெச்சிருக்கேன்,” என்றார் விவாகரத்து வழக்குகளில் பேர்போன ஒரு பெரியவர்.

மேலாளர் மெல்ல நூல் விட்டுப் பார்த்தார். “ஐயா, அந்த நூத்திப் பதிமூணாம் பக்கத்துல ஏதாவது...”

“நூத்திப் பதிமூணா? அங்கதானேய்யா ஆய்வு சூடு பிடிக்குது!”

அங்கே சூடு பிடிப்பது தண்ணீர். கம்பளித் துணிக்கு முப்பது டிகிரி, பருத்திக்கு அறுபது.

பெரியவரின் அந்தப் பதிலில்தான் மேலாளருக்கு ஒரு யோசனை உதித்தது. இத்தனை பேரும் படித்தேன் என்று வாயால் சொல்கிறார்களே, அதையே எழுத்தில் வாங்கி வைத்துக்கொண்டால்? நாளைக்கு விஷயம் வெடித்தாலும், “நீங்க எல்லாரும் படிச்சுச் சரின்னு சொன்னதுதானேங்க?” என்று கேட்டுவிடலாம். பதினோரு வருஷம் வக்கீல்களோடு குப்பை கொட்டியது வீண் போகவில்லை என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

உடனே ஒரு படிவம் தயாரானது. ‘மேற்படி நூலை, 113 முதல் 128 வரையிலான பக்கங்கள் உட்பட, முழுமையாகப் படித்தேன். அதன் எந்தப் பகுதியிலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.’ கீழே கையெழுத்து, தேதி.

படிவத்தைக் கையில் எடுத்துக்கொண்டு மேலாளரே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார். நீதிமன்ற நடைபாதையில் ஓடிக்கொண்டே சிலர் போட்டார்கள். காரின் கூரைமேல் வைத்துச் சிலர் போட்டார்கள். ஒருவர் வாதாடிக்கொண்டே முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிப் போட்டார்.

ஒரே ஒரு ஆள்தான் பயமுறுத்தினார். படிக்காமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டார் என்பதால் அவருக்கு ‘பூதக்கண்ணாடி’ என்று பேர். படிவத்தை வாங்கி மூன்று முறை படித்தார். பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“அதென்ன, நூத்திப் பதிமூணுலேர்ந்து நூத்தி இருபத்தெட்டு வரைக்கும் தனியா போட்டிருக்கே?”

“அது... அது முக்கியமான பகுதிங்க ஐயா.”

“அப்போ ‘உட்பட’ன்னு போடக் கூடாது. ‘குறிப்பாக’ன்னு போடணும்.” தம் பேனாவாலேயே திருத்திவிட்டுக் கையெழுத்தும் போட்டார்.

நான்கே நாளில் நூற்றுத் தொண்ணூற்றொன்பது கையெழுத்துகள் சேர்ந்தன. தலைவரும் போட்டிருந்தார். மீதமிருந்த ஒருவர் காலமாகிவிட்டார். இந்த முறை மேலாளர் நேரில் போய்ப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

அன்று வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டார். அந்த நிம்மதி மறுநாள் காலை பத்து மணி வரைக்கும் நீடித்தது.

“உள்ள வாங்க, உக்காருங்க!” தலைவர் எழுந்து நின்று வரவேற்றார். மேஜைமேல் படிவக் கோப்பு விரித்துக் கிடந்தது. “கழகத்தோட சரித்திரத்துலயே அத்தனை உறுப்பினரும் ஒரு ஆய்வை முழுசா படிச்சது இதான்யா முதல் தடவை! நான் அசந்துட்டேன். அந்த ஆய்வாளர் பொண்ணுக்குத் தங்கப் பதக்கம் குடுக்கறோம்.”

“நல்லதுங்க ஐயா.”

“அதோட, கூட்டத்துல புத்தகத்துலேர்ந்து ஒரு பக்கத்த நானே வாசிக்கப் போறேன். இதோ, நடுவுல நாடா வெச்சுத் தெச்சிருக்கீங்களே, அந்தப் பக்கம். நூத்தி இருபது.”

நூற்று இருபதாம் பக்கம், ‘துணிகளிலிருந்து துர்நாற்றம் வந்தால்’ என்ற தலைப்பில் தொடங்குகிறது.

“ஐயா, முன்னுரையிலேர்ந்து வாசிச்சா இன்னும் எடுப்பா இருக்குமே?”

“முன்னுரைய எவன்யா படிப்பான்? படிச்சவனுக்கு நடுப்பக்கம்தான்!”

வேறு வழி தெரியவில்லை. மதியம் தலைவர் சாப்பிடப் போன நேரம் பார்த்து, மேலாளர் அவர் அறைக்குள் புகுந்து பிளேடால் அந்தப் பதினாறு பக்கங்களையும் அறுத்தெடுத்தார். சட்டைக்குள் செருகிக்கொண்டு வெளியே வந்தபோது டைப்பிஸ்ட் அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன சார், திடீர்னு தொப்பை போட்டுட்டீங்க?”

“வாயுத் தொல்லைம்மா.”

மாலையில் தலைவர் அறையிலிருந்து ஓர் அலறல் கேட்டது.

“திருட்டு! என் புத்தகத்துல பதினாறு பக்கத்த எவனோ திருடிட்டான்! பாத்தீங்களா, அறுத்து எடுத்துட்டுப் போற அளவுக்கு மதிப்புள்ள ஆய்வு!”

“வேற ஒரு பக்கத்த வாசிச்சுடலாமேங்க...”

“திருடனுக்குப் பயந்து பக்கத்த மாத்தறதா? விடமாட்டேன்! எல்லா உறுப்பினரும் அவங்கவங்க பிரதியோட வரணும்னு தகவல் அனுப்புங்க. மேடையில நான் ஆரம்பிக்கறேன், நூத்தித் தொண்ணூத்தெட்டு பேரும் கூடவே வாசிக்கட்டும். நூத்தி இருபதாம் பக்கத்தை! ஒரே குரல்ல!”

தகவலை அனுப்பியவரும் பாவம், அதே மேலாளர்தான்.

கூட்டத்தன்று பிற்பகல் மண்டபம் கறுப்புக் கோட்டுகளால் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு மடியிலும் ஒரு புத்தகம். பாதிப் புத்தகங்களின் மேல் கண்ணாடித்தாள் உறைகூடப் பிரிக்கப்படவில்லை. அதைக் கிழிக்கும் சத்தம் மண்டபம் முழுக்கச் சரசரவென்று கேட்டது. மேடை மேஜைமேல் பூச்செண்டு, தங்கப் பதக்கம், அதற்குப் பக்கத்தில் மேலாளரின் வேலை நீட்டிப்புத் தாள். தலைவரின் பேனா அதன்மேல் மூடி திறந்து காத்திருந்தது.

மேலாளர் மேடைக்குப் பக்கத்து அறைக்கு ஓடினார். அங்கே ஆய்வாளர் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். முப்பது வயதுகூட இருக்காது. தோளில் துணிப்பை, கையில் ஒரு சின்ன நோட்டு. இத்தனை நாளாகத் தப்பை யார் யாரிடமிருந்தோ ஒளித்தோமே, இந்தப் பெண்ணிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று மேலாளருக்கு முதல் முறையாக வெட்கமாக இருந்தது. ராப்பகலாக உழைத்து எழுதியிருப்பாள். நடுவில் அழுக்குத் துணியைப் போட்டு மூடிவிட்டோமே!

“மேடம், என்னை மன்னிச்சுடுங்க,” என்று ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். வடிகட்டி, பொன்னெழுத்து, படிவம், பிளேடு, தொப்பை, எதையும் விடவில்லை. “தப்பு என்னுதுதான். சரிபார்க்காம கையெழுத்து போட்டேன். என் வேலை போனா போகட்டும்... போகக் கூடாதுதான், ஆனா உங்க பேர் கெடக் கூடாது. நீங்க முதல்ல மேடையேறிப் பேச ஆரம்பிச்சுட்டா வாசிப்பு நின்னுடும். தயவு பண்ணுங்க.”

ஆய்வாளர் தண்ணீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

“எத்தனை பேர் கையெழுத்து போட்டாங்க?”

“நூத்தித் தொண்ணூத்தொம்பது.”

“தலைவரும்?”

“முதல் கையெழுத்தே அவருதுதான்.”

“படிச்சுப் பார்த்துட்டு யாராவது, இதென்ன வாஷிங் மெஷின்னு கேட்டாங்களா?”

“ஒருத்தர்கூட இல்லீங்க.”

அவர் கையை நீட்டினார். மேலாளர் கக்கத்தில் இடுக்கியிருந்த கோப்பைக் கொடுத்தார். ஒவ்வொரு படிவமாகப் புரட்டப் புரட்ட, அந்தப் பெண்ணின் முகம் மலர்ந்துகொண்டே போனது. ‘குறிப்பாக’ என்று திருத்தப்பட்ட படிவம் வந்தபோது வாய்விட்டே சிரித்துவிட்டார். பாவம், அதிர்ச்சியில் இப்படி ஆகிவிட்டதே என்று மேலாளர் பதறினார். மண்டபத்தில் தலைவர் தொண்டையைச் செருமும் சத்தம் ஒலிபெருக்கியில் கேட்டது.

கோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு ஆய்வாளர் எழுந்தார்.

“அந்தப் பதினாறு பக்கத்த அங்க வெச்சதே நான்தான் சார், வக்கீல்கள் படிக்காமலே ‘படிச்சேன்’னு கையெழுத்து போடுவாங்களாங்கறதுதான் என் ஆய்வு, அந்தக் கையெழுத்த எப்படி வாங்கறதுன்னு ஆறு மாசமா முழிச்சிட்டிருந்தேன், நீங்களே ஆபீஸ் ஆபீஸா போய் வாங்கிட்டு வந்துட்டீங்க — வாங்க, மேடையில என் பேருக்கு முன்னாடி உங்க பேரத்தான் சொல்லப் போறேன்!”