எல்லா மலைக்கும் ஒரே அட்டை

பாரிஸின் லாச்சப்பலில் கடை வைத்திருக்கிற தமிழர், கடையில் வேலைக்கு நிற்கிற தமிழர், கடைவாசலில் சும்மா நிற்கிற தமிழர் என்று மூன்று வகை உண்டு. மூன்று வகையையும் சேர்த்துப் பார்த்தாலும், பனிச்சறுக்கு மலைகளின் அனுமதி அட்டைகளை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சொல்லக்கூடியவர் ஒரேயொருவர்தான். அவர் தன் வாழ்நாளில் சறுக்குப்பலகையைக் கையால்கூடத் தொட்டதில்லை. பாரிஸில் பேருக்குக் கொஞ்சம் பனி விழுந்தாலே, “சினோவுக்குள்ள விருப்பத்தோட கால் வைக்கிறவன் விசரன்” என்று சுவரைப் பிடித்துக்கொண்டு நடப்பார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பனிமலையர்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஆல்ப்ஸ் மலைக்குச் சறுக்கப் போகிறவர்கள் சட்டைப்பையில் ஒரு அட்டை வைத்திருப்பார்கள். அது இருந்தால்தான் மேலே ஏற்றிப்போகும் கேபிள் காரின் கதவு திறக்கும். ஒரு மலைக்கு மட்டும் செல்லுபடியாகும் அட்டை உண்டு. ஐந்தாறு மலைகளுக்குச் சேர்த்து ஒரே அட்டையும் உண்டு. பனிமலையருக்கு ஒற்றை மலை அட்டையைக் கண்ணிலும் காட்டக்கூடாது.

நான் ஒரு போன்கடையின் மூலையில் மேசை போட்டுச் சனங்களுக்குப் பிரெஞ்சுப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறவன். பனிமலையர் ரெஸ்டோரண்ட் ஒன்றில் கோப்பை கழுவுகிறவர். செவ்வாய்க்கிழமை அவருக்கு ஓய்வு. அன்று புறநகர் ஓல்னே-சூ-புவாவிலிருந்து ரயிலேறி வந்து என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தால், படிவம் நிரப்ப வருகிற சனம் நின்றுகொண்டுதான் கதைக்க வேண்டும். போன வருசத்துக் கலண்டர்த் தாள்களைக் கிழித்து, பின்பக்கத்தில் கட்டம் போட்டு எழுதி வைத்திருப்பார். எத்தனை மலை, எத்தனை நாள், இன்றைக்கு ஒரு மலை நாளைக்கு வேறு மலை என்று மாறலாமா, பனி பெய்யாவிட்டால் என்ன, கால் முறிந்தால் யார் தூக்குவது. கடைசிக் கட்டத்துக்கு மட்டும் சிவப்பு மை.

“தம்பி, விளங்கக்கூடிய மாதிரிச் சொல்லுறன் கேளும்,” என்பார். “ஒருநாள் அட்டை எண்டால் உந்தப் பிரிஃபெக்சரில விசாவுக்குக் குடுக்கிற மூண்டு மாதத் துண்டு மாதிரி. சீசன் அட்டை எண்டால் பத்து வருசக் கார்ட். எல்லா மலை அட்டை எண்டால், அது பிரஜாவுரிமை!”

இதைக் கேட்டுவிட்டு விசாவுக்கு வந்த ஒரு பெடியன் உண்மையாகவே எழுதி எடுத்துக்கொண்டு போனான்.

தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பாண்டிச்சேரி முசியே ஒருவர் அந்தக் கடைக்குப் பேப்பர் வாங்க வருவார். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் கேட்டுவிட்டார். “ஏம்பா, மனுசன் ஒரு நேரத்துல ஒரு மலையிலதானே இருக்க முடியும்? ஒரு மலை அட்டை போதாதா?”

பனிமலையர் கலண்டர்த் தாளை மடித்தார். “போதும் முசியே. அவள் எந்த மலையில நிக்கிறாள் எண்டு தெரிஞ்சால் போதும்.”

முசியே என்னைப் பார்த்தார். நான் படிவத்தைப் பார்த்தேன்.

அவள் என்றது மகள் மதுஷாவை. பன்னிரண்டு வயதில் தாயை இழந்த பிள்ளை. சமைத்து, தலைவாரி, பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டு வளர்த்தவர் இவர்தான். பள்ளிக்கூடத்தால் ஒருமுறை பிள்ளைகளைப் பனிமலைக்கு ஒரு கிழமை கூட்டிப்போனார்கள். அந்த அனுமதிப் படிவத்தை நிரப்பியவன் நான். ஆகவே இந்தக் கதையில் எனக்கும் குற்றத்தில் பங்கு உண்டு. அந்த ஒரு கிழமையில் பிள்ளைக்குப் பிடித்த பைத்தியம் விடவேயில்லை. மருந்தாளர் படிப்பை இரண்டாம் வருசத்தில் விட்டுவிட்டு, பனிச்சறுக்குப் பழக்கும் ரீச்சராகப் போகிறேன் என்றாள். இவர் சொன்னது ஒரு வசனம். “பனியில வழுக்கி விழுறதும் ஒரு உத்தியோகமோ? அப்பிடியெண்டால் எனக்குப் பிள்ளை இல்லை.”

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டாள். மூன்று மாரி, மூன்று பனிக்காலம், போயிற்று. ஓல்னேயில் பாண்கடையில் நிற்கிற அவளுடைய சிநேகிதி ஒருத்தி மட்டும், ஆல்ப்ஸில் இன்ன மலைத்தொகுதியில்தான் நிற்கிறாள், ஒவ்வொரு மாரிக்கும் மலை மாறுவாள், அதற்குமேல் கேட்காதீர்கள் என்று சொல்லியிருந்தாள். இவர் அந்தக் கடையில் தேவைக்கு மேலே பாண் வாங்கி, எனக்கும் கொண்டுவந்து தருவார்.

“போன் நம்பர் இருக்கோ அண்ணை?”

“இருக்கு.”

“பிறகென்ன? அடியுங்கோவன்.”

“அடிச்சால் கெஞ்சிறது மாதிரி. அட்டையோட போனால் நான் வாடிக்கையாளன். ஆரும் ஏன் வந்தனீர் எண்டு கேக்கேலாது.”

“அப்ப நான் அடிக்கட்டோ?”

“அடிச்சீரெண்டால் இந்த மேசைக்கு இனி வரமாட்டன்.”

வராவிட்டால் எனக்கு வேலை நடக்கும்தான். ஆனாலும் அடிக்கவில்லை.

பக்கத்து பஜோல் தெருப் பிள்ளையாருக்குத் தேர். ஆவணி வெயில் மண்டையைப் பிளக்கிறது, வீதி முழுக்கத் தேங்காய் உடைந்து கிடக்கிறது, சனம் பிள்ளை வரம், விசா, வீட்டுக்கடன் என்று அவரவர் குறையைச் சொல்லிக் கும்பிடுகிறது. பனிமலையர் கண்ணில் நீர் வழிய நின்றார். என்ன வேண்டினீர்கள் என்று மெல்லக் கேட்டேன்.

“இந்த முறை பனி முந்திப் பெய்யவேணும் தம்பி. புரட்டாதிக்குள்ள எடுத்தால் எல்லா மலை அட்டைக்குச் சலுகை.”

பக்கத்தில் நின்ற ஒரு அம்மா காவடிக்காரனைப் பார்ப்பதை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்.

சலுகை வந்தது, போனது. இவர் எடுக்கவில்லை. இலையுதிர்கால முடிவுச் சலுகையும் போனது. எந்த அட்டையிலாவது ஒரு குறை கண்டுபிடித்துவிடுவார். ஒன்றில் மலைகள் போதாது, ஒன்றில் காப்புறுதி தனி. “ஆழமறியாமல் காலை விடக்கூடாது” என்பார். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கிறதெல்லாம் சாட்டு. மனுசனுக்குப் பயம். அட்டை கையில் வந்துவிட்டால் போகத்தானே வேண்டும். போய், அந்தப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டால்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எந்தப் படிவமென்றாலும் அடியில் ஒரு வரி இருக்கும். விபத்து நேர்ந்தால் யாருக்கு அறிவிக்க வேண்டும்? அந்த வரி வந்ததும் பனிமலையர் யன்னலைப் பார்ப்பார். பிறகு, “உம்மடை பேரைப் போடும் தம்பி” என்பார். வேலைப் படிவம், காப்புறுதி, டொக்டர், எல்லாவற்றிலும் அவருக்கு நான்தான். என் கையெழுத்தில் என் பெயரையே எழுதி எழுதி அலுத்துப்போயிற்று.

போன தைமாதம் ஒருநாள் என் போன் அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து. லாச்சப்பல் மெத்ரோப் படியில் ஈரம் வழுக்கி விழுந்து, ஆளைக் கொண்டுவந்திருக்கிறார்கள். மேசையை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். வழியெல்லாம் என்ன நினைத்தேன் என்று இங்கே எழுத விருப்பமில்லை. போய்ப் பார்த்தால், முழங்காலில் பெரிய கட்டோடு படுத்திருக்கிறார். முறிவில்லை, சுளுக்கு. என்னைக் கண்டதும் வாய் திறந்தார்.

“தம்பி, இதே விழுகை மலையில விழுந்திருந்தால், எல்லா மலை அட்டையில ஹெலிகொப்டர் இலவசம்.”

எனக்கு வந்த கோபம் என் வாழ்நாளில் வந்ததில்லை.

“அண்ணை, வாயை மூடுங்கோ! நான் உங்களுக்குப் பிள்ளையில்லை. உங்களுக்கு ஒரு பிள்ளை இருக்கு. செத்திருந்தாலும் எனக்குத்தான் அடிச்சிருப்பினம். அந்தப் பிள்ளைக்கு ஆர் சொல்லுறது? நான் சொல்லவோ? கால் மாறினதும் மலைக்குப் போறம். அட்டையை அங்க போய் எடுப்பம். இனி ஒரு கலண்டர்த் தாளைக் கண்டனெண்டால் கொளுத்துவன்!”

பக்கத்துக் கட்டிலில் கிடந்த பிரெஞ்சுக்கிழவர் பயந்து தாதியைக் கூப்பிட மணியை அமத்தினார். பனிமலையர் கூரையைப் பார்த்துக்கொண்டு, “நீரும் வாரும்” என்றார்.

மாசியில் போனோம். ரயில், பிறகு வளைந்து வளைந்து ஏறும் பஸ். அவர் மடியில் ஒரு தடித்த கோப்பு. வழியெல்லாம் அதைத் திறந்து எண்ணிச் சரிபார்த்தார். சாப்பாடு கொண்டுவந்தது நான் மட்டும்தான்.

மலையடியில் அட்டை விற்கும் கண்ணாடி யன்னல். உள்ளே சிரித்த முகத்தோடு ஒரு இளம்பெண். பனிமலையர் வணக்கம் சொல்லி, கோப்பைத் திறந்து, ஒவ்வொன்றாக யன்னலுக்குள் தள்ளத் தொடங்கினார். கார்ட் நகல் இரண்டு பக்கமும். கரண்ட் பில். மூன்று மாதச் சம்பளச் சீட்டு. வரிக் கடிதம். பிறப்புப் பத்திரம், முத்திரை குத்திய மொழிபெயர்ப்போடு. வீட்டுக்காரரின் கடிதம். காது தெரிகிற மாதிரி எடுத்த படம் நாலு.

அந்தப் பெண் எல்லாவற்றையும் பார்த்தாள். “முசியே, ஒரு படம் போதும். பெயர் போதும்” என்றாள்.

பனிமலையர் என் பக்கம் குனிந்தார். “புதுப்பிள்ளை போல கிடக்கு. உள்ளுக்குப் பெரியவை ஆரும் இருக்கினமோ எண்டு கேளும்.”

பகிடி பண்ணுகிறேன் என்று நினைக்கவேண்டாம். முப்பது வருசம் பிரிஃபெக்சர் வரிசையில் நின்ற எவரும் அதைத்தான் கேட்டிருப்பார்கள். ஒரு தாள் குறைந்தாலும் திருப்பி அனுப்புகிற யன்னல்களைத்தான் எங்களுக்குத் தெரியும். ஒன்றும் வேண்டாம் என்கிற யன்னலில் ஏதோ பிழை இருக்கத்தானே வேண்டும்?

அந்தப் பெண் இவருடைய தோல் சப்பாத்தைப் பார்த்துவிட்டு இன்னொன்றும் கேட்டாள். “சறுக்கப் போகிறீர்களா?”

“இல்லை.”

“அப்படியானால் நடந்து பார்க்கிறவர்களுக்கு ஒரு அட்டை இருக்கிறது. மிகவும் மலிவு.”

மூன்று மாரியாகக் கட்டம் போட்ட மனிதர் அசையாமல் நின்றார். நடக்கிறவனுக்கும் அட்டை உண்டென்று எந்தக் கலண்டர்த் தாளிலும் இல்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு, “அது எல்லா மலைக்கும் போகுமோ?” என்று பிரெஞ்சில் கேட்டார்.

“இல்லை, இந்த மலைக்கு மட்டும்.”

“அப்ப எல்லா மலையும் தாங்கோ. காப்புறுதியோட,” என்றார்.

காப்புறுதிப் படிவத்தின் அடியில் அந்த வரி இருந்தது. பேனையை என்னிடம் தந்தார். நான் என் பெயரை எழுதினேன்.

முதல்நாள் முதல் மலை. சிவப்புச் சட்டை போட்ட ரீச்சர்கள் எங்கே பார்த்தாலும் நின்றார்கள். எல்லாருக்கும் ஹெல்மெட், முகத்தை மூடிய கறுப்புக் கண்ணாடி. பெற்ற தகப்பனுக்கென்ன, பிரம்மாவுக்கும் அடையாளம் தெரியாது. பனிமலையர் ஒவ்வொருவருக்கும் முன்னால் போய்க் குனிந்து குனிந்து பார்த்தார். ஒரு தாடிக்கார ரீச்சர் வெலவெலத்துப்போனார். இரண்டு பேர் பாதுகாப்பு ஆளைக் கூப்பிடப் பார்த்தார்கள். நான் மன்னிப்புக் கேட்டே களைத்துப்போனேன்.

இரண்டாம் நாள் இரண்டாம் மலை. சின்னப்பிள்ளைகள் பழகும் சரிவின் ஓரத்தில் நொண்டிக்கொண்டு நின்றார். நாலைந்து வயதுப் பிரெஞ்சுப் பிள்ளைகள் ஆறு பேர் வரிசையாகச் சறுக்கி வந்தார்கள். ஒன்று விழுந்து வீரிட்டு அழுதது. ரீச்சர் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டாள்.

“ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை. எழும்பு,” என்றாள், தமிழில்.

அந்தப் பிள்ளை அழுகையை நிறுத்தி, “ஒண்டுமில்லை” என்று திருப்பிச் சொல்லிக்கொண்டு எழும்பியது. மற்றப் பிள்ளைகளும் பாட்டுப்போல “ஒண்டுமில்லை, ஒண்டுமில்லை” என்றார்கள்.

பனிமலையர் என் கையைப் பிடித்தார். அவர் மகளோடு தமிழில் கதைத்தால் அவள் பிரெஞ்சில்தான் பதில் சொல்வாள், நானே கேட்டிருக்கிறேன். அவள் சின்னதில் விழுந்தெழும்பின காலத்தில் இவர் சொன்னது மட்டும் அப்படியே இருந்திருக்கிறது.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். தோல் சப்பாத்து, கக்கத்தில் கோப்பு. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினாள்.

இவர் அட்டையை எடுத்து நீட்டினார். “இதில எல்லா மலைக்கும் போகலாம். மலை மாறலாம். கால் முறிஞ்சால் இறக்கிறதும் இதுக்குள்ள அடக்கம். பிள்ளை, நான் அண்டைக்குச் சொன்னது பிழை. நீ எனக்குப் பிள்ளைதான்.”

“தெரியும் பப்பா,” என்றாள் பிரெஞ்சில். பிறகு அட்டையை வாங்கிப் பார்த்தாள். “நடக்கிற ஆளுக்கு மலிவு அட்டை இருக்கே?”

“ஓம். அட்டை வித்த பிள்ளையும் சொன்னவள்.”

அவள் சிரித்தாள், அழுதாள், தகப்பனைக் கட்டிப்பிடித்தாள். நான் ஆறு பிரெஞ்சுப் பிள்ளைகளையும் விழாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அதற்கு எனக்கு எந்த அட்டையும் கிடையாது.

போன செவ்வாய்க்கிழமை பனிமலையர் மேசைக்கு வந்தார். கையில் புதிய கலண்டர்த் தாள், அடுத்த மாரிக்கு. இப்போதுதான் எந்த மலை என்று தெரியுமே, இனி எதற்கு எல்லா மலை அட்டை என்றேன். “அவள் மாறுவாளெல்லே. நானும் மாறவேணும்,” என்றார். பிறகு காப்புறுதிப் படிவத்தை எடுத்து வைத்தார். பழையதைப் பார்த்து நிரப்பினேன். கடைசி வரிக்கு வந்தேன், பழக்கதோஷத்தில் என் பெயரை எழுதிவிட்டேன்.

“அதை வெட்டும் தம்பி,” என்றார். “மதுஷா எண்டு போடும்.” நம்பரை எங்கேயும் பார்க்காமல் இரண்டு தரம் சொன்னார்.

என் பெயரை நானே கோடு போட்டு வெட்டினேன். சந்தோசமாகத்தான் வெட்டினேன். ஆனால் கொஞ்சம் என்னவோ செய்தது, பொய் சொல்லக்கூடாது. மனுசன் என் முகத்தைக் கவனித்துவிட்டார்.

“தம்பி, உம்மடை படிவங்களில அந்த வரியில ஆற்றை பேர் கிடக்கு?”

எனக்கு இந்த ஊரில் யாருமில்லை என்பது அவருக்குத் தெரியும்.

“என்ரை பேரை எழுதும்,” என்றார். “எந்த மலையில விழுந்தாலும் வருவன். என்னட்டை அட்டை இருக்கு.”

எழுதிவிட்டேன்.