வாத்தைப் பிடித்த கை

ஸ்கார்பெக் ஸ்டேஷன், போர்ட்டர் அறை,
செவ்வாய்க்கிழமை, மழை.

அன்பிலும் பொறுமையிலும் தன் அம்மாவைக் கொண்டு பிறக்காத என் அக்கா மகள் பிலிப்பாவுக்கு, ஆர்னல்ட் மாமா எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம், மோரீன் அத்தை நலம், என் இடது முழங்கால் நலம், வலது முழங்கால் மட்டும் மழை வருவதை வானொலிக்கு முன்னால் அறிவித்துக்கொண்டிருக்கிறது. அங்கே உன் நலமும் உன் வீட்டுக்காரர் நலமும் அறிய ஆவல். உன் அம்மா மேவிஸின் ஞாபகசக்தி எப்படி இருக்கிறது என்று அறிய மிக மிக ஆவல். கொஞ்சம் மங்கியிருந்தால் கடவுளுக்கு நன்றி சொல்வேன். மங்கவில்லை என்றால் நீதான் என்னைக் காப்பாற்ற வேண்டும்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். வெள்ளிக்கிழமை லண்டனிலிருந்து இமோஜன் என்ற பெண் உன் அம்மாவுக்குப் போன் செய்வாள். அறுபத்தெட்டாம் வருஷம் அந்த வாத்தைப் பிடித்தது உங்கள் தம்பிதானே என்று கேட்பாள். உன் அம்மா ‘ஆமாம்’ என்று ஒரே ஒரு சொல் சொல்ல வேண்டும். இரண்டாவது சொல் வாயிலிருந்து வந்தால் உன் மாமா இந்தப் பள்ளத்தாக்கில் தலைகாட்ட முடியாது. இதைப் போனிலேயே சொல்லியிருப்பேன். உன் அம்மா உன் வீட்டோடு வந்ததிலிருந்து மணி அடித்ததும் பாய்ந்து எடுப்பது அவள்தான் என்பதால் கடிதமாக எழுதி, முதல் வகுப்புத் தபால்தலையும் ஒட்டுகிறேன்.

‘அரை டிக்கெட் வாத்து’ உனக்குத் தெரிந்த கதைதான், இருந்தாலும் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஹெட்டி என்ற சிறுமி கூடையில் வாத்தோடு தனியாக ரயிலேறுகிறாள், ரயில் மாறுகிற இடத்தில் வாத்து தொலைந்துபோகிறது, ஒவ்வொரு சிக்னல் அறையிலிருந்தும் அடுத்த அறைக்குத் தந்தி பறக்கிறது. கடைசியில் புகையைக் கக்கிக்கொண்டு ஒரு ரயில் வந்து நிற்க, முதல் வகுப்புச் சன்னலில் வாத்து மட்டும் தன்னந்தனியாக, கழுத்தில் அரை டிக்கெட்டோடு, மாவட்ட நீதிபதி மாதிரி உட்கார்ந்திருக்கிறது. ஸ்டேஷன் மாஸ்டர் தொப்பியைக் கழற்றுகிறார். இந்த நாட்டில் அந்த இடத்தில் அழாதவன் யாரும் இல்லை. அதைத் தொலைக்காட்சிக்காக எடுத்தது இதே ஸ்கார்பெக்கில், என் அப்பா போர்ட்டராக இருந்த இதே நடைமேடையில். வாத்து அசையாமல் இருக்கச் சன்னலுக்குக் கீழே யாரோ ஒளிந்திருந்து பிடித்துக்கொண்டார்கள். அந்தக் கை என் கை என்று ஐம்பத்தேழு வருஷமாக நான் சொல்லி வருகிறேன். சொன்னதோடு விட்டேனா, இந்த ரயில் பாதையை அரசாங்கம் கைவிட்டு, நாங்கள் சம்பளம் இல்லாத ஆட்களாகச் சேர்ந்து மறுபடியும் ஓட்ட ஆரம்பித்த அன்று, டிக்கெட் சன்னலுக்கு மேலே ‘வாத்தைப் பிடித்த கை இங்கே பணியாற்றுகிறது’ என்று நானே பலகை எழுதி மாட்டினேன். இடது இறக்கைக்குக் கீழே கூர்ந்து பார்த்தால் ஒரு கட்டைவிரல் தெரியும் என்று சுற்றுலா வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். காட்டினால் எல்லோருக்கும் தெரியும்.

கறாராகச் சொன்னால், அன்றைக்கு எனக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் பன்போல வீங்கி, மாடியில் படுத்துக் கிடந்தேன். ஷூட்டிங்குக்குப் போனவள் உன் அம்மா. அவளுக்குப் பதினாலு, எனக்குப் பதினொன்று. சாயங்காலம் திரும்பி வந்து என் கட்டிலில் உட்கார்ந்து, வாத்தைத் தான்தான் பிடித்ததாகவும், அதன் நெஞ்சு உள்ளங்கையில் திக்திக்கென்று அடித்ததாகவும், கடைசியில் அது தன் காதில் ஏதோ சொன்னதாகவும் அப்படி விவரித்தாள். பிறகு அவள் கல்யாணம் செய்துகொண்டு கடற்கரைப் பக்கம் போய்விட்டாள், கதையை இங்கேயே விட்டுவிட்டுப் போனாள். ஆள் இல்லாத கதையை யாராவது எடுத்துப் பராமரிக்க வேண்டாமா? நான் பராமரித்தேன். அவ்வளவுதான் நடந்தது.

இப்போது அந்தக் கதையை மறுபடியும் கலரில் எடுக்கிறார்கள். இயக்குநர் இந்த இமோஜன்தான், முப்பது வயதிருக்கும். சின்ன வயதில் பழைய படத்தை நாடா தேயும் வரை பார்த்தவளாம். வந்த முதல் நாளே பலகையைப் படித்தாள், என் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் விட்டாள், கையை நான்கு கோணங்களில் போட்டோ எடுத்தாள், புதிய படத்திலும் வாத்தை இதே கைதான் பிடிக்க வேண்டும் என்றாள். நான் முதலில் மறுத்தேன், மூன்று தடவை மறுத்தேன் (மோரீன் ஒரு தடவைகூட இல்லை என்கிறாள், அவளுக்குக் காது மந்தம்). எனக்கு வாத்து என்றாலே ஆகாது என்பது உனக்குத் தெரியும். முப்பத்தொரு வருஷம் ஐஸ்கிரீம் வண்டி ஓட்டியும், வாத்துக் குளம் இருக்கிற பூங்காப் பக்கம் ஒரு நாள்கூட அதை நிறுத்தாததற்கு அதுதான் காரணம்.

ஷூட்டிங் நாள் காலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பாதை ஒற்றைப் பாதை. ஸ்கார்பெக்கிலிருந்து மேலே ஹைஃபெல் வரை போக ஒரே ஒரு பித்தளைத் தடிதான் உண்டு, டோக்கன் என்போம், எதிரெதிரே இரண்டு ரயில் வராமல் இருக்க. அது கையில் இல்லாமல் எந்த டிரைவரும் சக்கரத்தை உருட்ட மாட்டான். சிக்னல் அறையில் கிளெனிஸ் அதை எடுத்துக் கொடுப்பாள். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு பரிமாறியவள், வரிசை தாண்டி வருபவனை அப்போதே பிடிக்காது. கதையில் சிக்னல்காரர் ஹெட்டியின் கையில் டோக்கனைக் கொடுப்பதாக ஒரு காட்சி வருகிறது அல்லவா, அதற்காகப் படக்காரர்கள் மரத்தில் ஒன்று செய்து பித்தளை வர்ணம் பூசிக் கொண்டுவந்திருந்தார்கள். நான் பார்த்தேன். எழுத்து தப்பு, வளையம் தப்பு, நுனி உருண்டையாக இருக்க வேண்டிய இடத்தில் சப்பையாக இருந்தது. பிலிப்பா, படம் வெளிவந்த மறுநாளே இந்த நாட்டில் நானூறு பேர் அந்த நுனியைப் பற்றிக் கடிதம் எழுதுவார்கள், நானூற்றொன்றாவது ஆள் நான். மனசு கேட்கவில்லை. கிளெனிஸ் அடுப்புக்குக் கரி எடுக்கக் கீழே இறங்கிய நேரம் பார்த்து, நிஜத்தைப் படக்காரர்களின் பெட்டியில் வைத்து, மரத்தை அவள் கொக்கியில் மாட்டினேன். காட்சி எடுத்து முடிந்ததும் மாற்றிவிடலாம் என்று திட்டம். நிஜ டோக்கன் சூரியன் மாதிரி மின்னியது. ஆனால் காட்சி முடிந்த கையோடு என்னை வாத்தோடு ரயில் பெட்டியில் ஏற்றிக் குனிய வைத்துவிட்டார்கள். நான் வெளியே எட்டிப் பார்த்தபோது படக்காரர்களின் சாமான் வேன், டோக்கன் இருந்த பெட்டியோடு, பதினெட்டு மைல் தள்ளி இருக்கிற ஊருக்குப் போய்க்கொண்டிருந்தது.

கடைசிக் காட்சி ஹைஃபெல்லில். இன்ஜின் தயார், வாத்து தயார், டிரைவர் கிளிஃபர்ட் கையை நீட்டுகிறான். கிளெனிஸ் கொக்கியிலிருந்து டோக்கனை எடுத்தாள், எடுத்த கை அப்படியே நின்றது. ரொட்டியில் எடை குறைத்த கடைக்காரனைப் பார்க்கிற மாதிரி அதைப் பார்த்தாள். பிறகு சிக்னல் கம்பியைத் திரும்ப இழுத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து பின்னல் ஊசியை எடுத்துக்கொண்டாள். இமோஜன் மூச்சிரைக்கப் படியேறி ஓடிவந்து என்ன என்று கேட்டாள். டோக்கன் இல்லை, ரயில் போகாது என்றாள் கிளெனிஸ்.

“இந்தப் பாதையில இருக்கறதே இந்த ஒரே ரயில்தானே? எதிர்ல எது வரப்போகுது?”

“ஒண்ணும் வராது கண்ணு.”

“அப்புறம் என்ன?”

“ஒண்ணும் வராதுன்னு சொல்றதுக்குத்தான் டோக்கன். அது எங்கிட்ட இல்லையே.”

இமோஜன் கிளிஃபர்டிடம் ஓடினாள். அவன் தொப்பியைக் கழற்றி, கிளெனிஸ் சொல்வதுதான் சரி, டோக்கன் இல்லாமல் ராணியே வந்திருந்தாலும் நடந்துதான் போயிருப்பாள் என்றான். லண்டனிலிருந்து வந்த அறுபது பேர், ஒரு மழை மேகம், மணிக்கு இத்தனை என்று வாடகை வாங்குகிற ஒரு வாத்து, எல்லோரும் நின்றோம். பள்ளத்தாக்கில் கைபேசி எடுக்காது, ஆகவே ஒருவர் காரை எடுத்துக்கொண்டு வேனைத் துரத்தினார். கிளிஃபர்ட் கரி அள்ளுகிற மண்வெட்டியைக் கழுவி, இன்ஜின் அடுப்புக்குள் நீட்டி, அதிலேயே முட்டையும் பேக்கனும் வறுத்து அறுபது பேருக்கும் போட்டான். எங்கள் ஆட்கள் யாருக்கும் துளி வருத்தம் இல்லை. விதி காப்பாற்றப்பட்டது, முட்டையும் வெந்தது, இதைவிட நல்ல நாள் அவர்களுக்கு வருஷத்தில் இரண்டுதான் வரும்.

வருத்தம் எனக்குத்தான். மூன்று மணி நேரம் இமோஜன் என் எதிரே உட்கார்ந்திருந்தாள், டோக்கனை யார் மாற்றியிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே. அந்த யோசனை எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரியும். அதனால் பேச ஆரம்பித்தேன். அறுபத்தெட்டாம் வருஷத்தை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். நெஞ்சு திக்திக்கென்று அடித்தது, காதில் சொன்னது, எல்லாம் சொன்னேன். வாத்து கடித்த தழும்பு என்று கட்டைவிரலைக் காட்டினேன் (ரொட்டிக் கத்தி, நீயே கட்டுப் போட்டாய்). அவள் உருகிப்போய், படத்தின் முடிவில் ‘வாத்தைப் பிடித்த கை, அன்றும் இன்றும்: ஆர்னல்ட் ஓல்ட்ராய்ட்’ என்று தனி வரியாகப் போடுவேன் என்றாள். அந்த வரியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். பக்கத்தில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்த கிளெனிஸ்கூடத் திரும்பிப் பார்த்தாள். அப்போது இமோஜன், இதையெல்லாம் கேமராவில் பதிவு செய்ய வேண்டும், உங்கள் அக்காவும் அன்றைக்கு அங்கே இருந்திருப்பார்களே, வெள்ளிக்கிழமை அவர்களிடமும் பேசி உறுதி செய்துகொள்கிறேன் என்றாள். நம்பரை நானே கொடுத்தேன். கொடுக்காமல் என்ன செய்வேன்?

வேன் வந்தது, டோக்கன் வந்தது, ரயில் போனது. நான் வாத்தைப் பிடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு பிடித்தேன், ஆனால் கை படத்தில் திடமாக இருக்கிறதாம். வாத்து என் சட்டைக் கைக்குள் செய்ததை இங்கே எழுத முடியாது. சாயங்காலம் கிளெனிஸ் என்னைக் கூப்பிட்டு மர டோக்கனை மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“இதுல பேக்கன் வாசனை வருது ஆர்னல்ட். கிளிஃபர்ட் வறுக்கறதுக்கு முன்னாடி, காலைல பேக்கன் தின்னது நீ ஒருத்தன்தான்.”

ரயில் பாதைக் கமிட்டிக்குச் சொல்ல மாட்டாளாம், ஆனால் குளிர்காலம் முழுக்க ஸ்டேஷன் கழிப்பறை இரண்டும் என் பொறுப்பு. பலகையை மட்டும் கழற்றச் சொல்லவில்லை. அதற்கு நான் அந்தக் கழிப்பறைகளை நாக்கால்கூடச் சுத்தம் செய்வேன்.

ஆகையால், பிலிப்பா, உன் அம்மாவிடம் பக்குவமாகப் பேசு. அவளுக்குப் படிப்பு இருக்கிறது, நீ இருக்கிறாய், உன் வீட்டு மாடியிலிருந்து கடல் தெரிகிறது. நான் பதினைந்து வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவன். முப்பத்தொரு வருஷம் ஐஸ்கிரீம் கொடுத்த பிள்ளைகளில் ஒருவனுக்கும் என் பெயர் தெரியாது, எல்லாருக்கும் நான் ஐஸ்காரர். வாத்து அவளுடையதுதான், மறுக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு ஐந்து நிமிஷம் எனக்குக் கடனாகக் கொடுக்கச் சொல். பதிலுக்கு ஆயுள் முழுக்க முதல் வகுப்பில் இலவசமாக ஏற்றிக்கொள்கிறேன் என்று சொல், அதற்கு நான் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அந்தப் பெட்டியைத் துடைப்பவன் நான்தான்.

உன் தோட்டத்துத் தக்காளி வெடிக்காமலும், உன் வீட்டுக்காரர் முதுகு பிடித்துக்கொள்ளாமலும், உங்கள் கூரையில் கடற்காகம் கூடு கட்டாமலும் இருக்க, சாப்பலில் ஞாயிறுதோறும் இரண்டாம் பாட்டு முடிந்ததும் வேண்டிக்கொள்கிறேன். மோரீன் அத்தை அன்பைச் சொல்லச் சொன்னாள், கடிதத்தில் பாதி பொய் என்பதையும் சொல்லச் சொன்னாள்.

இப்படிக்கு,
உன் அன்பு மாமா,
ஆர்னல்ட் ஓல்ட்ராய்ட்,
போர்ட்டர் (சம்பளம் இல்லை), கை (இருமுறை).

பி.கு.: உறையை ஒட்டி முடித்துவிட்டேன், மறுபடியும் கிழிக்க வேண்டியதாயிற்று. இப்போதுதான் உன் அம்மா போன் செய்தாள். இமோஜன் வெள்ளி வரை பொறுக்காமல் நேற்றே பேசிவிட்டாளாம். ஆமாம், வாத்தைப் பிடித்தது என் தம்பிதான், ரொம்ப தைரியசாலி என்று உன் அம்மா சொல்லிவிட்டாளாம். நன்றி சொல்ல வாயெடுத்தேன், விடவில்லை. “டேய், அங்க வாத்தே இல்லடா. வைக்கோல் அடைச்ச பொம்மை, பலகையில ஆணி அடிச்சு வெச்சிருந்தாங்க. நீ விரல்னு காட்டறது அந்தப் பலகையோட முனை. நான் யாருக்கும் டீகூடக் கொண்டுபோய்க் கொடுக்கல, வேலிக்கு வெளிய நின்னேன். நீ போக முடியலையேன்னு மூஞ்சி வீங்கிப்போய் அழுதுட்டுக் கெடந்தியா, அதான் ஏதோ சொன்னேன்” என்றாள். ஆகவே மேலே எழுதியது எதையும் நீ செய்ய வேண்டாம், பக்குவமாகவும் பேச வேண்டாம். ஆனால் ஒன்று கேட்டுச் சொல்: ஆணி அடித்த வைக்கோல் பொம்மையை ஐம்பத்தேழு வருஷம் உயிரோடு பிடித்து வைத்திருந்தது யார் கையாம்?