கருவிழிக்குள் வெள்ளைப் புள்ளி

மதிப்புக்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சுப்பிழைகளும் நலமென நம்புகிறேன்.

உங்கள் பத்திரிகையின் 'தடையை வென்றவர்கள்' பகுதியில் என்னைப் பற்றி எழுதியதைப் படித்தேன். விபத்தன்று "நான் வீழமாட்டேன்" என்று முழங்கினேனாம். அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரம் என் வலது கையை மணிக்கட்டோடு எடுத்துக்கொண்டபோது முழங்கியது அந்த இயந்திரம்தான். நான் மயங்கிக் கிடந்தேன். உங்கள் நிருபர் பெண், "கை போனப்போ என்ன தோணுச்சுங்கய்யா?" என்றாள். "வலிச்சுதும்மா" என்றேன். அதைப் போடவில்லை.

போகட்டும். என் ஓவியங்களுக்கு நீங்கள் பரிசளிக்கும் விழாவில் சிறப்பு விருந்தினரின் முகத்தை எல்லார் முன்னாலும் நான் வரைந்து காட்டுவேன் என்று அழைப்பிதழில் அச்சடித்திருக்கிறீர்களே, என்னைக் கேட்டீர்களா? என்னால் முடியாது. காரணத்தைச் சிரிக்காமல் படியுங்கள்.

யாரிடமும் போய் நிற்காமல் நானே இடது கையைப் பழக்கினேன். மூக்கு, தாடை, மீசை எல்லாம் வரும். கடைசியில் கருவிழிக்குள் வைக்கும் வெள்ளைப் புள்ளி மட்டும் வராது. அங்கே போனதும் கை நடுங்கும். அந்தப் புள்ளி இல்லாவிட்டால் முகம் பிணம். முதல் படத்தை அப்படியே விட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் புள்ளி இருக்கிறது, ஈரமாக.

"ஏன்டி, என் படத்துல கை வச்சியா?"

"நீங்க தின்ன தட்டைக் கழுவவே எனக்கு நேரம் போதலை. இதுல புள்ளி வேற வைக்கிறேனாக்கும்!" என்றாள் மனைவி.

அடுத்த படத்துக்கு அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். புள்ளி வந்திருந்தது. தூரிகையும் கழுவி வைக்கப்பட்டிருந்தது. இடது கைக்கு அந்த நல்ல பழக்கமெல்லாம் கிடையாது. வலது கைதான் சுத்தக்காரன். இப்போதெல்லாம் மனைவி கதவோரம் நின்று, "இருங்க, உள்ள வேலை முடியட்டும்" என்கிறாள், குளியலறையில் விருந்தாளி இருப்பதுபோல.

ஒருநாள் வீம்புக்கு எழுந்திருக்காமல் உட்கார்ந்தேன். புள்ளி வரவில்லை. என் முதுகுக்குப் பின்னால் மேசையை விரல்கள் தட்டத் தொடங்கின, பொறுமையில்லாமல், சுண்டுவிரலிலிருந்து வரிசையாக. யாருக்காவது காத்திருந்தால் நான் அப்படித்தான் தட்டுவேன், கை இருந்த காலத்தில். பசியில்லை. ஆனாலும் போய்ச் சாப்பிட்டேன்.

"கண்கள் பேசுகின்றன" என்று எழுதி, அதற்குத்தான் பரிசும் தருகிறீர்கள். மேடையில் கூட்டத்தை வைத்துக்கொண்டு நான் எங்கே சாப்பிடப் போவது? விருந்தினர் பிணமாக நிற்பார். என் இத்தனை வருட உழைப்பையும் பித்தலாட்டம் என்பார்கள். இன்னொன்றும் சொல்கிறேன். என்னை நட்டாற்றில் விட்டுப் போனவனோடு பரிசைப் பங்குபோட எனக்கு மனமில்லை. ஆகவே நான் விழாவுக்கு வர மாட்டேன். இது முடிவு.

தங்கள் குடும்பத்தார் எல்லாச் செல்வமும் பெற்று வாழட்டும். நிருபர் பெண்ணுக்கு ஆயுள் கூடட்டும், கற்பனை குறையட்டும்.

இப்படிக்கு,
தாங்கள் வீழமாட்டேன் என்று சொல்லவைத்த ஓவியன்

பி.கு.: கையொப்பமிட்டுவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தால், 'வர மாட்டேன்' என்பதை அடித்து, மேலே 'இருவரும் வருகிறோம்' என்று எழுதியிருக்கிறது. மை காயவில்லை. எழுத்து என்னுடையதுதான், பழையது. இனி என்ன செய்ய? மேடை விளக்கைச் சற்று நேரம் அணைக்க ஏற்பாடு செய்யுங்கள். இருட்டில் யாராவது கைகுலுக்கினால் அலற வேண்டாம் என்று விருந்தினரிடம் மட்டும் சொல்லிவையுங்கள்.