கூறியாருடைய தகப்பனின் மரணங்கள்

தகப்பனை ஒரு தரம் சாகக்கொடுத்துத் தேறுவதே பெரும்பாடு. பேசாலைக் கூறியார் தன் தகப்பனை எட்டோ ஒன்பதோ தரம் சாகக்கொடுத்தவர். மன்னார்த் தீவில் இதற்குப் போட்டியாக இன்னொருவர் இல்லை.

கரைக்கு வரும் மீனை ஏலம் கூறி விற்பவர் என்பதால் அவர் கூறியார். ஞானஸ்நானப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அதைச் சொல்லி யாரும் அழைத்து நான் கேட்டதில்லை.

கூடையைத் தூக்கிக் காட்டியதும் விலை கேட்கிற வழக்கம் அவரிடம் கிடையாது. முதலில் அந்த மீனுக்கு ஒரு சரித்திரம் சொல்வார். அறக்குளா என்றால் அது இராமேஸ்வரம் கோபுரத்தைப் பார்த்துவிட்டு வந்தது. பாரை என்றால் அதைத் தூக்கப்போன இரண்டு பேர் இன்னும் படுக்கையில். கதை சூடுபிடிக்கும் இடத்தில் நிறுத்திவிட்டு விலை கேட்பார். எல்லாம் பொய் என்று வியாபாரிகளுக்குத் தெரியும். இருந்தும் மிச்சத்தைக் கேட்பதற்காகவே விலையைக் கூட்டியவர்களை நான் கண்டிருக்கிறேன்.

"மீன் சின்னனாக் கிடக்கே, கூறியார்," என்றார் ஒரு நாள் தலைமன்னார் வியாபாரி ஒருவர்.

"சின்னன் இல்லை மோனை. நீ தூரத்தில நிக்கிறாய்."

மீன் வராத நாட்களில் தகப்பன் இறப்பார். சண்டைக் காலத்தில் இந்தியாவுக்குத் தப்பிப் போகையில் படகு கவிழ்ந்தது, மூன்று பேரை மணல்திட்டில் ஏற்றிவிட்டு நாலாவது ஆளைத் தேடிப் போனவரைக் கடல் கொண்டுபோனது. இது முதலாவது மரணம். பின்னர் சுழியில் போனார். சுறாவோடு மல்லுக்கட்டிப் போனார். நான் பத்திரிகைக்காரன், எதையும் இரண்டு தரம் விசாரிக்கிறவன் என்று தெரிந்தே, என்னிடம் கடல்பசு மோதிப் போனதாகச் சொன்னார்.

"கடல்பசு புல்லுத் தின்னிற சாதுப் பிராணி எல்லோ?" என்றேன்.

"ஓம் பேப்பர் தம்பி. அண்டைக்கு அதுக்கு என்ன கோவமோ."

சிரிக்காமல் இருந்த ஒரே ஆள் அவருடைய தம்பி சவிரிதான். ஐம்பத்தைந்து வயதிலும் சங்கு குளிக்கிறவர். கடலுக்கு அடியில் இருக்கும்போதும் மேலே இருக்கும்போதும் ஒரே அளவுதான் பேசுவார். தகப்பனும் அண்ணனும் இந்தியாவுக்குப் படகேறியபோது சவிரி தாயோடு மடுவில் அகதியாக இருந்தார். அதனால் தகப்பன் எப்படிச் செத்தார் என்பதற்கு ஊரில் ஒரே சாட்சி கூறியார்தான். கிடைத்தவற்றில் முதல் மரணத்தை மட்டும் சவிரி எடுத்துக்கொண்டார். ஆத்துமாக்கள் திருநாளில் ஊர் முழுக்கச் சேமக்காலைக் கல்லறைகளுக்குப் போகும். சவிரி மெழுகுதிரியோடு கடற்கரைக்குப் போவார்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் கூறியாரின் கதைகளில் ஓட்டைகள் விழத் தொடங்கின. அறக்குளா கோபுரத்தை எட்டும் முன்பே கூடையை வைத்துவிட்டு மீன்வாடிக் கொட்டிலுக்குப் பின்னால் போவார். போய் நெடுநேரம் நிற்பார். திரும்பி வருவதற்குள் வியாபாரிகள் தங்களுக்குள்ளேயே விலையை முடித்திருப்பார்கள். பிறகு இடுப்பு வலி வந்தது. ஐஸ் பெட்டியின் மேல் இருந்ததால் வந்த குளிர்ச்சி என்றார். மனைவி புதிதாக வாங்கிய பிளாஸ்டிக் கதிரைதான் காரணம் என்றும் சொன்னார். அந்த அம்மா கதிரையைச் சவிரி வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். வலி வீட்டிலேயே நின்றது. வாடிக்குப் பின்னால் நடப்பதை மட்டும் அவர் மனைவியிடம் சொல்லவில்லை. அந்த ஊர் ஆண்கள் நெஞ்சுவலியைப் பெண்களிடம் சொல்வார்கள். இடுப்புக்குக் கீழே நடப்பதைச் சொல்ல மாட்டார்கள்.

பஸ்ஸை அடிக்கடி நிறுத்த முடியாது என்பதால் என் மோட்டார் சைக்கிளில் மன்னாருக்கு அழைத்துப் போனேன். வழியிலிருந்த உடைமரங்களை எல்லாம் இறங்கி இறங்கிச் சுகம் விசாரித்தார்.

ஆஸ்பத்திரியில் இளம் பெண் டொக்டர் ஒருவர், மட்டக்களப்பு முஸ்லிம் பிள்ளை, நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். எத்தனை வருடமாகச் சிகரெட், இரவில் எத்தனை தரம் எழும்புகிறார், எங்கெங்கே வலி. பிறகு, "உங்கட வாப்பா... அப்பா என்ன வருத்தத்தால மோசம்போனவர், ஐயா?" என்றார்.

கூறியார் ஒரு கணம் யோசித்தார்.

"கடல்பசு அடிச்சது, டொக்டர்."

டொக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

சோதனைகள் முடிந்து மறுபடி போனபோது டொக்டர் கதவைச் சாத்திவிட்டுப் பேசினார். புரொஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். எலும்புக்குப் போய்விட்டது. கட்டுப்படுத்தலாம், இனி மாற்ற முடியாது. ஏன் வந்தது என்று கூறியார் கேட்டார். ஐஸ் பெட்டியும் கதிரையும் குற்றமற்றவை என்று தெரிந்தது. வயது ஏற ஏற இது வரக்கூடும். தகப்பனுக்கோ கூடப்பிறந்தவருக்கோ இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். சிகரெட்டும் உடல் பருமனும் வந்த நோயை மோசமாக்கும் என்று டொக்டர் சொன்னார். ஆரம்பத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் தெரியாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் மற்ற ஆண்கள் நேரத்தோடு வந்து டொக்டரிடம் கதைத்து இரத்தத்தைச் சோதிப்பது நல்லது.

"உங்களுக்குத் தம்பிமார் இருக்காங்களா?"

"ஒரு ஆள்," என்றார் கூறியார். மருந்துத் துண்டை மடித்துக்கொண்டு எழும்பினார்.

வெளியே வாங்குப் பலகையில் இருந்தபடிதான் எனக்குச் சொன்னார். படகு கவிழவில்லை. தகப்பன் பத்திரமாக இந்தியாவில் மண்டபம் அகதி முகாமுக்குப் போய்ச் சேர்ந்தார். அடுத்த வருடம் முகாம் அறையில் முதலில் சிறுநீர் அடைத்தது. பிறகு நிற்காமல் போனது. முதுகு வலியில் கத்துவது பக்கத்து அறைகளுக்குக் கேட்டது. சொந்தப் படகுகள் வைத்துப் பார்வையாலேயே ஆட்களை வேலைவாங்கிய சம்மாட்டி நனைந்த சாரத்தோடு சுவரைப் பார்த்துக் கிடந்தார்.

"'பொம்பிளையளுக்குச் சொல்லிப்போடாத. ஊரில கேட்டா கடல்ல போனதெண்டு சொல்லு' எண்டவர். சொன்னன். பிறகு எங்க நிப்பாட்டிறதெண்டு தெரியேல்ல."

குரலை உயர்த்தாமல் அவர் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தரம்.

அன்று பின்னேரமே சவிரி வீட்டுக்குப் போனோம். சவிரி முற்றத்தில் காற்றுச் சிலிண்டரின் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தார். கூறியார் நின்றபடியே முழுவதையும் சொன்னார். சவிரி குழாயைக் கீழே வைத்தார்.

"இது எத்தினையாவது சா, அண்ணை?"

"இதுதான் உண்மை, சவிரி. நீ போய் இரத்தம் குடு."

"சுறா கடிச்சது. கடல்பசு இடிச்சது. பொறுத்துக்கொண்டு இருந்தனான். இப்ப மனிசனை மூத்திரத்திலயும் சாக்காட்டுறியளோ?" என்னிடம் திரும்பினார். "பேப்பர் அண்ணை, இதையும் எழுதுங்கோ. நல்லா விக்கும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்.

திரும்பும் வழியில் கூறியார் என் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னார்: "வாழ்நாளில ஒரு நல்ல மீன் கொண்டுவந்தன் தம்பி. ஒருத்தனும் கேக்கேல்ல."

அடுத்த கிழமை, நடக்க முடியாத மனிதர் ஓட்டோவில் கரைக்கு வந்து இறங்கினார். தடியை ஊன்றிக்கொண்டு சங்கு குளிக்கிறவர்களை அழைத்தார். அரசாங்கக் கந்தோரில் இருந்து கதை வந்திருக்கிறது, ஐம்பது தாண்டினவர்கள் இரத்தப் பரிசோதனை செய்யாவிட்டால் இந்த முறை சங்கு குளிக்கிற அனுமதிப் பாஸ் கிடையாது என்றார். அது எந்தக் கந்தோர் என்று யாரும் கேட்கவில்லை. தகப்பனைப் பற்றி அவர் சொல்வதை யாரும் நம்புவதில்லை. பாஸ் நிற்கப்போகிறது என்று யார் சொன்னாலும் எல்லோரும் நம்புவார்கள். சண்டைக் காலத்திலிருந்தே அது நம் கரையின் அனுபவம்.

சவிரி எனக்குத் தொலைபேசியில் கேட்டார்: "உண்மையோ, அண்ணை?"

"அப்பிடித்தான் கரையில கதைக்கினம்," என்றேன்.

அடுத்த நாள் காலையில் மன்னார் ஆஸ்பத்திரிக் கிளினிக் வாசலில் பேசாலைச் சங்குக்காரர்கள் சவரம் செய்து, கோவிலுக்குப் போகிற சேர்ட்டோடு வரிசையில் நின்றார்கள். சவிரி கடைசியில் நின்றார். கூறியார் மருந்துக்கு வந்தவர் போல வாங்கில் இருந்தார்.

"சீல் எங்க அடிப்பியள், டொக்டர்?" என்று முதலாவது ஆள் கேட்டார்.

"என்ன சீல்?"

"பாஸுக்கு."

டொக்டர் வரிசையைப் பார்த்தார். பிறகு வாங்கைப் பார்த்தார். அங்கே கூறியார் கூரையை ஆராய்ந்துகொண்டிருந்தார். டொக்டர் கெட்டிக்காரி. ஒன்றும் கேட்காமல் ஒவ்வொருவருக்கும் பிரஷரும் நிறையும் பார்த்தார், புகைக்கிறவர்களுக்குக் கொஞ்சம் பேச்சும் கொடுத்தார்.

"வயிறு இருக்கிறது எங்களுக்கு நல்லது, டொக்டர்," என்றார் ஒரு பருத்த ஆள். "அடியில தாழ லேசு."

"தாழுறதுக்கு ஈயக்கட்டியைக் கட்டுங்க. வயித்தைக் குறைங்க."

சவிரியின் முறை வந்தபோது, "நீங்க அவர்ர தம்பிதானே? இருங்க," என்று சொல்லி இரத்தம் எடுக்க அனுப்பினார்.

அந்த இரத்தத்தில் புரொஸ்டேட்டுக்குப் பார்க்கிற அளவு கூடுதலாக இருந்தது. யாழ்ப்பாணத்தில் மேலும் சோதித்தார்கள். சவிரிக்கும் அதேதான். ஆனால் சுரப்பியை விட்டு வெளியே போகவில்லை. குணப்படுத்தக்கூடிய நேரத்தில் பிடித்துவிட்டோம் என்றார்கள்.

அந்தச் செய்தியோடு சவிரி அண்ணன் வீட்டுக்கு வந்தபோது நான் அங்கே இருந்தேன். பாஸுக்கு இரத்தம் தேவையில்லை என்று அதற்குள் அவருக்குத் தெரிந்திருந்தது. சண்டை வரும் என்று நினைத்தேன். சவிரி கட்டிலுக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"அய்யா என்னத்தில செத்தவர்?"

"சொன்னனான்தானே."

"இன்னொருக்காச் சொல்லுங்கோ."

கூறியார் சொன்னார். தொழில் பழக்கத்தில், ஆஸ்பத்திரி வாங்கில் கேட்டதோடு மனதுக்குள் ஒப்பிட்டுப் பார்த்தேன். எதுவும் கூடவில்லை, எதுவும் குறையவில்லை. அவருடைய மனைவி குசினி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். கூறியார் அவரைக் கண்டும் நிறுத்தவில்லை.

"இவ்வளவு காலமும் கடலுக்கு எல்லோ மெழுகுதிரி கொளுத்தினனான்," என்றார் சவிரி.

"அது போய்ச் சேந்திருக்கும். அய்யா கடற்காரர்தானே."

தம்பி அண்ணனின் காலைப் பிடித்துவிட்டார். வலிக்கிறது, விடு என்று அண்ணன் சொன்னார். விடவில்லை.

ஆறு மாதம் கழித்துக் கூறியார் போனார். எங்கள் ஊர்களில் சாவீட்டுச் செய்தியை ஓட்டோவில் ஒலிபெருக்கி கட்டி அறிவிப்பார்கள். பெயர், உறவுகள், அடக்க நேரம். "சிறிது காலம் சுகவீனமுற்றிருந்து" என்பதற்கு மேல் நோயைப் பற்றி எவரும் சொல்வதில்லை. அந்தக் காலையில் அறிவிப்பாளரின் கையிலிருந்த மைக்கைச் சவிரி வாங்கினார்.

"என்ர அண்ணன் புரொஸ்டேட் புற்றுநோயால மோசம்போனவர். எங்கட அய்யாவும் அதாலதான். எனக்கும் அது இருக்கு, மருந்து எடுக்கிறன். ஐம்பது தாண்டின ஆம்பிளையள் போய் டொக்டரோட கதையுங்கோ. வெக்கப்படாதேங்கோ. பொம்பிளையள், நீங்களும் கேளுங்கோ."

வேலியோரம் பெண்கள் நின்றார்கள். வலை தைத்துக்கொண்டிருந்த ஆண்கள் தலை நிமிரவில்லை. கைகள் மட்டும் நின்றுபோயின. சவிரி தெருத்தெருவாக அதையே சொல்லிக்கொண்டு போனார், குரல் ஏற்ற இறக்கமில்லாமல், வாசிக்கப் பழகும் பிள்ளையைப் போல.

அந்த அறிவித்தலில் ஒரு பிழையும் இல்லை. இருந்தும், கூறியார் உயிரோடு இருந்திருந்தால் இதை இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றியது.