மூன்றாம் வரிசை மாவீரர்

எங்கள் கோலோன் நகரில் குத்துச்சண்டை வீரர்களைவிட வேகமாகப் பெருகும் ஓர் இனம் உண்டு: குத்துச்சண்டை தெரிந்தவர்கள். கையுறை மாட்டியதில்லை. மூக்கு, பிறந்தபோது இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் வெற்றி வீரனின் ஏழு லட்சணங்களையும் அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

தோன் எவாரிஸ்தோவையே பாருங்கள் (‘தோன்’ என்றால் எங்கள் ஊரில் ‘ஐயா’). சந்தையில் மீன் விற்கிறவர். மாலையானால் பயிற்சிக்கூடத்துக்கு வந்து, பன்னிரண்டு படி ஏறியதற்கே மூச்சு வாங்கி, வாங்கிய மூச்சிலேயே “தம்தான் முக்கியம்” என்று தொடங்கி, பையன்களின் தாடையைப் பப்பாளி வாங்குவதுபோல் அமுக்கிப் பார்த்து, கெண்டைக்காலைத் தட்டி, “இது தாங்கும், இது தாங்காது” என்று தீர்ப்புச் சொல்லி, கடைசியில் துணிச்சலுக்கு வரும்போது தம் நெஞ்சைத் தட்டிக்கொள்வார். மெதுவாகத்தான். வலிக்கும் அல்லவா?

போன சனிக்கிழமை அந்தக் கூடத்துப் பையன் எலியேசருக்குப் பெரிய சண்டை. ஜெயித்தால் தலைநகரில் பட்டப் போட்டி. ஆறாம் சுற்று முடிவதற்குள் இடது கண் வீங்கி மூடிக்கொண்டது.

“மாஸ்டர், இந்தப் பக்கம் ஒண்ணும் தெரியல. குத்து விழுந்தப்புறந்தான் வந்ததே தெரியுது.”

பயிற்சியாளர் செலஸ்தினோ துண்டை எடுத்தார். அது மேடையில் விழுந்தால் சண்டை போச்சு, கண் பிழைச்சுது. மூன்றாம் வரிசையில் தோன் எவாரிஸ்தோ எழுந்தார்.

“யோவ், துண்டைக் கீழ வைய்யா! கண்ணு எதுக்கு? மனசு வேணும், மனசு!”

உடனே நாற்பது மனசுகள் கூவின: “கோழை! கோழை!”

செலஸ்தினோ விறுவிறுவென்று இறங்கி வந்து துண்டை அவர் கையில் திணித்தார். “எல்லாம் தெரிஞ்சவர் நீங்க. வந்து மூலையில நில்லுங்க. பையன் கண்ணு இனி உங்க பொறுப்பு.”

போனார். ஊரே பார்க்கும்போது போகாமல் இருக்க முடியுமா? ஏழாம் சுற்று. முதல் குத்து. அவருடைய இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் ஒரு சொட்டு ரத்தம் தெறித்தது. “ஐயோ, அம்மா!” என்று ஒரு குரல். எலியேசருடையது அல்ல. துண்டு பறந்தது.

கண் தப்பியது என்றார் மருத்துவர். மறுநாள் சந்தையில் தோன் எவாரிஸ்தோ முழங்கினார்: “எட்டாவது லட்சணம் கேளுங்கப்பா: எப்ப நிறுத்தணும்னு தெரியணும். நேத்து எனக்குத் தெரிஞ்சுது, பையன் பொழச்சான்!”

மீன் வாங்க வந்த எலியேசரின் அம்மா நிமிர்ந்தாள். “அப்ப ஆறாவது சுத்துல அது எங்க போயிருந்துச்சு, மகராசா?”

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் போன வாரம் தொலைக்காட்சியில் ஒருவன் விழுந்து கிடக்க, நடுவர் எட்டு வரை எண்ணிவிட்டபோது, வறுத்த வாழைக்காயை மென்றபடி “எழுந்திருடா!” என்று கத்தியது யார்?

எங்கள் வீட்டில் நான்தான். உங்கள் வீட்டில்?