நகரும் ஐஸின்மேல் ஒரு மாப்பிள்ளை

கொளச்சல்

மரியாதைக்குரிய பீர்கண்ணு மச்சான் சமூகத்துக்கு, மீரா முகைதீன் ஸலாம் கூறி எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை ஜமீலா பீவியும் மகள் அஃப்ஸானாவும் ஆண்டவன் கிருபையால் நலம், என் இடது முழங்கால் நீங்கலாக. தம்மாமில் உங்கள் நலத்துக்கும், உங்கள் சர்க்கரை இறங்குவதற்கும் துஆ செய்கிறோம். போனில் சொன்னால் பாதியில் புகுந்து பேசிவிடுவீர்கள் என்பதால் கடிதமாக எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடத்தை நேரில் பார்க்காமல் வாக்குக் கொடுக்கக் கூடாது என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அஃப்ஸானாவுக்குப் பேசியிருக்கும் தேங்காய்ப்பட்டணத்துப் பையன் அஷ்ஃபாக்குக்கு வேலை இமயமலையில், ஒரு பனியாற்றின்மேல். பனியாறு என்றால் மலையிடுக்கில் மைல் கணக்கில் கிடக்கிற ஐஸ். அது நகருமாம். எவ்வளவு நகர்கிறது, எவ்வளவு உருகுகிறது என்று அளப்பது இவன் உத்தியோகம். இத்தனை வருடமாக ஐஸ் கம்பெனி நடத்துகிறேன் மச்சான், ஒரு கட்டியாவது தானாக நடந்து வள்ளத்தில் ஏறியதை நான் கண்டதில்லை. பார்க்காமல் விடுவதில்லை என்று, ஜமீலா கட்டித் தந்த முந்திரிக்கொத்து டின்னோடு ரயிலேறினேன்.

ரயில், பஸ், ஜீப், கடைசியில் ஒரு கோவேறு கழுதை. கழுதை என்னைச் சுமந்து பாதி வழி வந்து உட்கார்ந்துவிட்டது, மீதியை நடந்தேன். வெள்ளை வெளேரென்று இருக்கும் என்று போய்ப் பார்த்தால், கருங்கல் குவாரி! கல்லும் சேறும்.

"ஐஸ் எங்க மக்கா?" என்றேன்.

"நீங்க அதுக்க மேலதான் நிக்கிதிய மாமா" என்றான் அஷ்ஃபாக்.

அந்த ஐஸ் வருகிற வழியெல்லாம் மலையைச் சுரண்டி, கல்லும் மண்ணும் வாரிவந்து ஓரத்திலும் முனையிலும் கொட்டிவைக்குமாம். முனையில் குகைபோல ஒரு வாய், அதிலிருந்து சாம்பல் நிறத்தில் ஓர் ஆறு. இப்படி ஓர் ஐஸை நான் விற்றால் கொளச்சலில் ஒரு வள்ளக்காரனும் மீன்மேல் போடமாட்டான்.

மறுநாள், போன வருடம் ஐஸில் நட்ட மூங்கில் கம்பைத் தேடினான். நட்ட இடத்தில் காணோம். ரொம்பக் கீழே தள்ளி நிற்கிறது. எனக்குச் சுருக்கென்றது.

"நட்ட கம்பை நட்ட இடத்துல நிறுத்தத் தெரியாதவனுக்கு பொண்ண எப்பிடி மக்கா தரியது?"

"கம்பு அசையல்ல மாமா. அது நிக்கிய ஐஸாக்கும் நகந்தது. மேல விழுந்த பனி வருசம் வருசமா அமுங்கி ஐஸாவும். தனக்க பாரத்துலயே கீழ இறங்கும். அடியில கசியிற தண்ணி வழுக்கி விடும். இஞ்ச வந்து உருகும். மேல சேருறது கூடுனா வளரும், கீழ உருகுறது கூடுனா சுருங்கும். இப்ப சுருங்கிட்டு இருக்கு."

"கண்ணால பாத்தாதான் நம்புவேன்."

அங்கே இரண்டு நாள் மட்டும் இருப்பதாகச் சொல்லிப் போனவன் ஒரு வாரம் தங்கியது இதனால்தான். கல்லும் சேறும் முடிந்து ஐஸ் வெளுக்கிற இடம்வரை மேலே ஏறி, இந்தக் கரைப் பாறைக்கும் அந்தக் கரைப் பாறைக்கும் குறுக்கே, சிவப்புச் சாயம் பூசிய கற்களை என் கையாலேயே நேர்வரிசையாக வைத்தேன். தினமும் ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தேன். குளிரில் மூக்கு இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. வாரக் கடைசியில், மச்சான், நடுக்கல் வரிசையைவிட்டு ஒரு முழம் முன்னால் போயிருந்தது! ஓரக் கற்கள் கொஞ்சம்தான். ஓரம் பாறையில் உரசுவதால் பையப் போகுமாம், நடு வேகமாகப் போகுமாம்.

"நடக்குதுலே!" என்று கத்திக்கொண்டு நடுக்கல்லைப் பார்த்து ஓடினேன். ஓடக்கூடாது என்று முதல்நாளே சொல்லியிருந்தான். ஐஸ் சரிவில் இறங்கும்போது அங்கங்கே பிளந்துவிடுமாம். நான் ஓடிய வழியில் அப்படி ஒரு பிளவைப் புதுப்பனி மூடியிருந்தது. நான் உள்ளே போய்விட்டேன். என் இடுப்புக் கயிற்றின் மறுமுனை அஷ்ஃபாக்கின் இடுப்பில். அவன் குப்புற விழுந்து, கோடாலியை ஐஸில் குத்திப் பிடித்துக்கொண்டான். உள்ளே ஒரே நீலம் மச்சான், நம் கடலுக்குக்கூட அந்த நீலம் கிடையாது.

"விடமாட்டேன் மாமா, பேசிட்டே இருங்க!" என்று மேலிருந்து குரல் வந்தது. சரி, மிச்சக் கேள்விகளையும் கேட்டுவிடலாம் என்று தோன்றியது.

"உனக்குக் கோவம் வருமா மக்கா?"

"வராது மாமா."

"எனக்க மவ மேல படிக்கணும்னு சொன்னா?"

"படிக்கட்டும் மாமா."

"பொங்கத் தெரியுமா?"

"கஞ்சியும் பயறும் தெரியும். மாமா, கால ஊணி ஏறுங்க!"

மேலே வந்து பார்த்தால், கையுறை கிழிந்து அவன் உள்ளங்கையில் தோலே இல்லை. மிச்சக் கேள்விகளை விட்டுவிட்டு, என் துண்டைக் கிழித்துக் கட்டிவிட்டேன்.

ஆகவே மச்சான், முடிவு செய்துவிட்டேன். நீங்கள் அங்கே பார்த்துவைத்த சூப்பர்மார்க்கெட் மாப்பிள்ளை தங்கமாகவே இருக்கட்டும். என் மகள் அஷ்ஃபாக்குக்குத்தான். ஜனவரியில் நிக்காஹ், அப்போது அங்கே எல்லாம் பனி மூடிக் கிடக்கும், பையனுக்கு லீவு. நீங்கள் கோபித்தாலும் நடக்கும், சந்தோஷப்பட்டாலும் நடக்கும். டிக்கெட் எடுத்துவிடுங்கள்.

மைனிக்கு ஸலாம். பிள்ளைகளுக்கு என் அன்பும் துஆவும்.

தங்கள் தங்கை மாப்பிள்ளை,
மீரா முகைதீன்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் அஷ்ஃபாக்கின் வாப்பா போன் செய்தார். நான் பிளவில் தொங்கிய கதையைச் சொல்லி உங்கள் தங்கை அவர் வீட்டாரிடம் அழுதிருக்கிறாள். ஊருக்கு வந்திருக்கும் பையன் மனமிளகி, மலை வேலையை விட்டுவிட்டு என் ஐஸ் கம்பெனியிலேயே உட்காரச் சம்மதித்துவிட்டானாம். ஜமீலா பாயாசத்துக்குத் தேங்காய் திருவுகிறாள். அஃப்ஸானா கதவைச் சாத்திக்கொண்டு, "கம்பெனியில இருக்க மாப்பிள எனக்கு வேண்டாம் வாப்பா. அந்த மலைய நானும் பாக்கலாம்னுதான் சரின்னேன்" என்கிறாள். நான் மகள் கட்சி. விடிந்ததும் தேங்காய்ப்பட்டணம் போய், அவனைத் திரும்ப மலையேற்றாமல் வீடு வரமாட்டேன். அதுவரை நிக்காஹ் இல்லை. டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.